சாய்ந்திருக்கும் ஸ்டியரிங்

மட்டாஞ்சேரி,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மச்சானுக்கு ரம்லத் எழுதிக்கொள்வது. ஸலாம். நீங்கள் அங்கே சுகமாக இருக்க வேண்டும் என்றுதான் ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். இங்கே உங்கள் அத்தாவுக்குச் சுகமில்லை.

நீங்கள் போனை எடுப்பதே இல்லை. பக்கத்து வீட்டு முனீர்க்கா ஞாயிற்றுக்கிழமை சார்ஜா திரும்புகிறார், அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உங்களைப் பற்றிக் கேட்டதற்கு, சாயா ஆறும்வரை டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஆள் நன்றாகத்தான் இருக்கிறான் என்றார். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை.

மாமாவுக்கு இப்போது டயாலிசிஸ் நடக்கிறது. ஆட்டோவில் பள்ளுருத்தி ஆஸ்பத்திரிக்குப் போய் வருவதற்குள் துவண்டுவிடுகிறார். அதனால்தான் நம் ஆல்டோ காரைத் தொட்டேன். நீங்கள் போன பிறகு நான் லைசென்ஸ் எடுத்ததுகூட உங்களுக்குத் தெரியாது, இல்லையா?

போகும்போது நீங்கள், சக்கரத்தை ஸ்டியரிங்கோடு இணைக்கும் டை ராடு எண்டு தேய்ந்துவிட்டது, ஸ்டியரிங் ஆடுகிறது, நல்ல பார்ட் இங்கே கிடைக்காது, சார்ஜாவிலிருந்து கொண்டுவந்து நானே மாட்டுவேன், அதுவரை யாரும் தொடக் கூடாது என்றீர்கள். முன்சக்கரங்களைக் கழற்றி, வண்டியைக் கல் மேல் நிறுத்திவிட்டுப் போனீர்கள். மூன்று வருஷ நோன்பு போய்விட்டது. நீங்கள் வரவே மாட்டீர்கள் என்று சொந்தக்காரர்கள் சொல்லும்போதெல்லாம் மாமா வாசலைக் காட்டுவார். வண்டியை இப்படிப் பாதியில் போட்டுவிட்டுப் போனவன் எப்படி வராமல் இருப்பான் என்பார்.

ஒர்க்‌ஷாப் ராசப்பன் சேட்டனை வரச்சொல்லியிருந்தேன். அவர் வருவதற்குள் ஸ்பேனர் தேடி டிக்கியைத் திறந்தேன். ஸ்டெப்னிக்கு அடியில், பழைய துணியில் சுற்றி, இரண்டு புது டை ராடு எண்டுகள். கவர்கூடப் பிரிக்கவில்லை. எறணாகுளத்துக் கடையின் ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. போவதற்கு முன்பே வாங்கி வைத்திருக்கிறீர்கள். கையில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். எங்களை இங்கே காத்திருக்க வைக்க ஒரு காரணம் வேண்டும் என்றுதானே அப்படிச் செய்தீர்கள்? கோபம் வரவில்லை மச்சான்.

உப்புக் காற்றில் நட்டெல்லாம் துருப்பிடித்திருந்தது. டீசல் ஊற்றி ஊறவைத்து, சேட்டன் சுத்தியலால் தட்டத் தட்ட நான் பிடித்துக்கொண்டேன். பழையதைக் கழற்றியபோது அதன் முனையிலிருந்த இரும்பு உருண்டை விரல் பட்டாலே ஆடியது. தேய்ந்துவிட்டது என்று நீங்கள் சொன்னது மட்டும் உண்மைதான்.

மாமாவிடம் நீங்கள்தான் முனீர்க்காவிடம் பார்ட் கொடுத்தனுப்பினீர்கள் என்று சொல்லிவிட்டேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தார். பிறகு, பார்ட்டை அனுப்பிவிட்டான் என்றால் இனி அவன் வரமாட்டான், அப்படித்தானே மோளே என்று கேட்டார். மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன் என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அடுத்த முறையும் அப்படியே. முகம் வீங்கிவிட்டது.

நேற்று அவரைத் தாங்கிப் பிடித்து வண்டிக்குக் கூட்டிப் போனேன். புது பார்ட் மாட்டிய பிறகு, வண்டி நேராகப் போனாலும் ஸ்டியரிங் இடப்பக்கம் சாய்ந்தே நிற்கிறது. அதைக் காட்டி, பார்த்தீர்களா மாமா, வேலை இன்னும் முடியவில்லை, இதை உங்கள் மகன் வந்துதான் நேராக்க வேண்டும், வேறு யாரையும் தொட விட மாட்டேன் என்றேன். ஸ்டியரிங்கைத் தொட்டுப் பார்த்தார். பிறகு ஏறி உட்கார்ந்தார். பள்ளுருத்தி போய் வந்தோம்.

அதை நேராக்க அரை மணி நேரம் போதும் என்கிறார் ராசப்பன் சேட்டன். மாமாவிடம் சொல்லிவிட வேண்டாம் என்று அவரைக் கெஞ்சிக் கேட்டிருக்கிறேன். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசியதை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை.

நீங்கள் யாரோடு இருக்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. எனக்காக வர வேண்டாம். அந்த அரை மணி நேர வேலைக்காவது வாருங்கள். நீங்கள் வரும்வரை அல்லாஹ் உங்கள் அத்தாவின் முகத்தை உங்களுக்காக மிச்சம் வைக்கட்டும்.

இப்படிக்கு,
ரம்லத்