வியர்க்கிற ஊரில் கம்பளிக் கோட்டு

நவம்பர் 3, செவ்வாய்

காலையிலிருந்து மழை. ஃபிஜியில், அதிலும் எங்கள் நசினுவில், மழை பிடித்தால் எல்லாம் நமத்துப்போகும், அப்பளம் முதல் மனுஷர் வரை. துவைத்த துணி மூன்றாம் நாளாகச் சமையலறைக் கயிற்றில்.

வான்கூவரிலிருந்து தங்கை பாக்கியத்தின் கடிதம். உறையை யாரோ பிரித்து ஒட்டியிருக்கிறார்கள். பிரித்து என்ன புண்ணியம், உள்ளே தமிழ். ரக்கிரக்கிப் பள்ளிக்கூடத்தில் எனக்கும் அவளுக்கும் எழுத்து சொல்லிக்கொடுத்த வாத்தியார் நன்றாக இருக்கட்டும். இதையும் அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன். இந்த வீட்டில் என் மகள் ஷீலாவுக்கே படிக்கத் தெரியாது.

"கல்யாணத்துக்கு மூன்று பேரும் வருவது சந்தோஷம்" என்று ஆரம்பித்திருக்கிறாள். கல்யாணமாம். அவளுக்கு இருப்பது ஒரே பையன், மூன்றாம் வகுப்பு படிக்கிறான்.

அவள் சொன்னவை:
- அங்கே பனியைவிட மழை அதிகம். காற்றும் தண்ணீரும் உள்ளே வராத கோட்டு வேண்டும்.
- ஒரே தடிமனாக வேண்டாம். உள்ளே பனியன், நடுவில் ஸ்வெட்டர், மேலே கோட்டு. பஸ்ஸில் ஏறினால் கழற்றலாம்.
- நீளம் இடுப்புக்குக் கீழே. உட்கார்ந்தால் தொடை நனையக் கூடாது.
- அடர்ந்த நிறம். அழுக்கு தெரியாது.
- ரப்பர் அடி வைத்த பூட்ஸ். கம்பளிக் காலுறை. நைலான் கூடவே கூடாது.
- புடவை வேண்டாம். "அக்கா, நீ புடவைமேல கோட்டு போட்டா பேப்பர் சுத்தின கருவாடு மாதிரி இருப்ப. கால்சட்டை வாங்கு."

சிரித்தேன். பிறகு எழுந்து வாசல் கதவைச் சாத்தினேன். இந்த ஊரில் கோட்டு வாங்குகிறவள் ஊரைவிட்டுப் போகிறவள். வேறு எதற்கு? பட்டாளம் ஆட்சியைப் பிடித்து இந்த வருஷத்தில் இது இரண்டாவது தடவை. சர்க்கார் வேலையில் இருக்கிறவர் குடும்பத்தோடு கிளம்புகிறார் என்று ஒருவன் போய்ச் சொன்னால் போதும்.

அவரிடம் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "சரி, கோட்டு வாங்கணும்" என்றார், அரிசி வாங்கணும் என்பதுபோல.

நவம்பர் 5, வியாழன்

சுவா. மூன்று பேரும். பஸ் ஸ்டாண்டில் இரண்டு சிப்பாய்கள். ஷீலாவைப் பார்த்து ஒருத்தன் ஏதோ சொன்னான், மற்றவன் சிரித்தான். அவள் கையை நான் பிடித்த பிடியில் வளையல் நெளிந்துவிட்டது. பதினேழு வயது. போன மாதம் பின்தெருவில் ஒரு வீட்டுக்குள் புகுந்தார்களே, அந்த வீட்டிலும் ஒரு பெண்தான். அதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. இந்தப் பெண்ணை இங்கிருந்து கொண்டுபோய்விட வேண்டும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

கமிங் தெருவில் குஜராத்திக் கடை. முதலில் படுக்கை விரிப்பு கேட்டேன். பிறகு துண்டு. பிறகு குரல் எழும்பாமல், "குளிருக்கு ஏதாவது இருக்கா?" கடைக்காரர் தெருவைப் பார்த்தார்.

"கல்யாணமா?"

"ஆமாம்."

"இந்த மாசம் எல்லாருக்கும் அங்கதான் கல்யாணம்" என்றார் ஹிந்தியில். மாடிக்குக் கை காட்டினார்.

மாடியில் பாச்சை உருண்டை வாசனை, மூச்சு முட்டுகிறது. கண்ணாடி முன்னால் ஒரு பெண் முழங்கால்வரை கறுப்புக் கோட்டு போட்டு நிற்கிறாள். திரும்பினாள். சரோஜினி! இவர் ஆபீசில் டைப் அடிக்கிறவள். அவளும் சிலை, நாங்களும் சிலை.

"என் அண்ணன் பெண்ணுக்குக் கல்யாணம்" என்றாள்.

"எங்களுக்கும் கல்யாணம்தான்" என்றார் இவர். "கறுப்பு உங்களுக்கு நல்லா இருக்கு. தோள்பட்டை கொஞ்சம் எறங்குது, ஒரு சைஸ் சின்னது பாருங்க."

அவள் கண் கலங்கிவிட்டது. கோட்டை அப்படியே போட்டுவிட்டு இறங்கிப் போனாள். கோபம் வந்தது எனக்கு, அவள் யாரிடமாவது சொல்லிவிடுவாள் என்று. பாவம், அவளும் அதையேதான் நினைத்துக்கொண்டு போயிருப்பாள்.

எனக்குக் கருநீலம். உள்துணி வழுவழு, பை ஆழம், கையுறை வைக்கலாம். ஷீலாவுக்குப் பழுப்பு எடுத்துக் கொடுத்தேன். வேண்டாமாம். தொப்பி வைத்த சிவப்புதான் வேண்டுமாம். கண்ணைப் பறிக்கிற சிவப்பு. யார் கண்ணிலும் படாமல் போக வேண்டியவளுக்குச் சிவப்பு கேட்கிறதா என்றேன். இவர் குறுக்கே வந்தார்.

"சிவப்பே எடு. கூட்டத்துல தொலைஞ்சா தூரத்துலேர்ந்தே கண்டுபிடிச்சிடலாம்."

என்னமோ, இந்த மனுஷர் தையல்காரர் மாதிரி. கைநீளம் பார்க்கிறார், கையைத் தூக்கச் சொல்லி அக்குள் பிடிக்கிறதா என்று பார்க்கிறார், பொத்தானை இழுத்துப் பார்க்கிறார். எனக்குக் கால்சட்டை. வாழ்க்கையில் முதல் தடவை. கூச்சம் பிடுங்கித் தின்றது. "நல்லாத்தான் இருக்கு, பாரு. நட" என்றார், பெயர் சொல்லி. நடந்தேன். ஷீலா சிரித்துச் சிரித்து உட்கார்ந்துவிட்டாள்.

அவருக்கு மட்டும் அங்கே எடுக்கவில்லை. நியூசிலாந்திலிருந்து மூட்டையாக வரும் பழந்துணிக் கடையில் ஒரு பழுப்புக் கோட்டு. உள்துணி கிழிசல். கண்ணாடியில்கூடப் பார்க்கவில்லை. "இது போதும்."

மூன்றையும் அரிசி மூட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தோம். பஸ்ஸில் எல்லாரும் என்னையே பார்ப்பதுபோல் இருந்தது.

நவம்பர் 7, சனி

வெயில் இல்லை. அவர் கோட்டின் கிழிந்த உள்துணியைத் தைத்தேன். ஜன்னலை மூடிக்கொண்டு ஒத்திகை: பனியன், ஸ்வெட்டர், கோட்டு, காலுறை. இரண்டு நிமிஷத்தில் மூன்று பேருக்கும் தலையிலிருந்து தண்ணீர். ஷீலா கண்ணாடி முன்னால் தொப்பியைப் போடுவதும் எடுப்பதும். அழகாகத்தான் இருக்கிறாள். சொல்லவில்லை.

வாசலில் வண்டிச் சத்தம். மூன்று பேரும் கோட்டோடு தரையில் உட்கார்ந்துவிட்டோம். ரொட்டிக்காரன்.

மே மாதம் இவரை ஒரு ராத்திரி பட்டாள முகாமில் வைத்திருந்தார்கள். எலெக்ஷன் கூட்டத்தில் நாற்காலி போட்டாராம். மறுநாள் விட்டார்கள். வந்தார், குளித்தார், சாப்பிட்டார். என்ன நடந்தது என்று இன்றுவரை வாயைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து வாசலில் எந்த வண்டி நின்றாலும் ஜன்னல் இடுக்கில் போய் நின்று பார்க்கிறேன்.

நவம்பர் 8, ஞாயிறு

ஞாயிறு சட்டம், பட்டாளம் போட்டது. சர்ச்சைத் தவிர எதுவும் கூடாது. பஸ் இல்லை, கடை இல்லை. கோயிலுக்கும் போக முடியாது. தெரு காலி.

கோட்டின் காலரில் பச்சையாகப் பூஞ்சை! மூன்று நாளில். பாச்சை உருண்டையெல்லாம் நம் ஈரத்துக்கு எந்த மூலைக்கு. தேய்த்துத் துடைத்தேன். வெயில் எட்டிப் பார்த்தது. எல்லாரும் சர்ச்சுக்குப் போயிருக்கிறார்கள், அரை மணி காயட்டும் என்று இவர் தன் கோட்டை மட்டும் கொல்லையில் வாழைக்குப் பின்னால் தொங்கப் போட்டார். வேண்டாம் வேண்டாம் என்று அடித்துக்கொண்டேன்.

மேரே சீக்கிரம் திரும்பிவிட்டாள். பக்கத்து வீட்டு ஃபிஜிக்காரி, பதினோரு வருஷப் பழக்கம், ஷீலாவைத் தூக்கி வளர்த்தவள். ஆனால் அவள் மகன் சாமு சிப்பாய். வேலியைத் தாண்டி நேராகக் கோட்டைப் பார்த்தாள். எனக்கு உயிரே இல்லை.

மேரே கோட்டைத் தடவினாள். "கெரேகெரே" என்றாள்.

இவர்கள் வழக்கம் அது. அந்த வார்த்தையைச் சொல்லி ஒருவர் ஒன்றைக் கேட்டால் இல்லை என்று சொல்லக் கூடாது. நாளைக்கு நாம் கேட்டால் அவர்களும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். இத்தனை வருஷத்தில் என் தேங்காய்த் துருவி, மண்வெட்டி எல்லாம் அப்படிப் போய், அவள் மரவள்ளியும் மீனும் அப்படி வந்திருக்கின்றன.

சாமுவை லெபனானுக்கு அனுப்புகிறார்களாம், அமைதிப்படையில். மலைமேல் குளிராம். "என் பையனுக்குக் குளிர் தெரியாது" என்றாள்.

என்ன சொல்ல? தர முடியாது என்றால், இந்த வெயில் ஊரில் உங்களுக்கு எதற்கு என்று கேட்பாளே. நான் வார்த்தை தேடி முடிப்பதற்குள் இவர் கோட்டை எடுத்து மடித்து அவள் கையில் கொடுத்துவிட்டார். யோசிக்கவே இல்லை.

நவம்பர் 10, செவ்வாய்

மழை. சண்டை.

"கேட்டா குடுத்துடறதா? ஸ்வெட்டரக் குடுத்திருக்கலாமே" என்றேன்.

"அவன் சின்னப் பையன், பாரு."

"நீங்க என்ன பண்ணுவீங்க அங்க?"

"அங்க போய் வாங்கிக்கலாம். அங்க கோட்டுக்கா பஞ்சம்?"

வாஸ்தவம்தான். ஆனால் என்னவோ உறுத்துகிறது. எங்கள் இரண்டு பேர் கோட்டிலும் பொத்தான்வரை இழுத்துப் பார்த்த மனுஷர். தனக்கு என்றால் ஏனோதானோ. நேற்று உட்கார்ந்து ஷீலாவின் கோட்டுப் பொத்தான் எல்லாவற்றையும் இரட்டை நூல் போட்டுத் தைத்தார். என்னை விடவில்லை. டிக்கெட், பாஸ்போர்ட், ஆபீஸ் அனுமதி எல்லாம் அவர் பொறுப்பு. "எல்லாம் ஆயிடுச்சு" என்கிறார். கேட்டால் அதே பதில்.

சரோஜினி நேற்றும் இன்றும் ஆபீசுக்கு வரவில்லையாம். போய்ச் சேர்ந்துவிட்டாளா, பிடித்து வைத்திருக்கிறார்களா, கேட்கவும் ஆளில்லை. கறுப்புக் கோட்டு எடுத்தாளோ இல்லையோ.

நவம்பர் 12, வியாழன்

பெட்டி கட்டியாயிற்று. ஷீலாவுக்கு ஒன்று. எங்கள் இருவருக்கும் ஒன்று. அவர் சட்டை நாலு, வேட்டி ஒன்று, ஸ்வெட்டர் எல்லாம் என் துணிக்கு அடியில். பூட்ஸுக்குள் காலுறை, மஞ்சள்தூள். பட்டுப்புடவை ஒன்றே ஒன்று. கல்யாணத்துக்குப் போகிறவள் பெட்டியில் பட்டு இல்லாவிட்டால் சந்தேகம் வரும். சுவரில் சாமி படங்களை எடுக்கவில்லை. வீடு வீடாகவே இருக்க வேண்டும்.

சாயங்காலம் மேரே மீன் கொண்டுவந்தாள். வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு ஹிந்தியில் மெதுவாக, "எனக்கு எதுவும் சொல்லாத. சொல்லலேன்னா, யார் வந்து கேட்டாலும் தெரியாதுன்னு நெஜமாவே சொல்வேன்" என்றாள்.

நான் மீனை வாங்கிக்கொண்டு உள்ளே போய் அழுதேன். இவளுக்கா பயந்தேன்.

நவம்பர் 14, சனி

விமானத்துக்குள் எழுதுகிறேன்.

காலை பஸ்ஸில் சுவாவிலிருந்து நாந்தி ஏர்போர்ட்டுக்கு. வழியில் இரண்டு செக்போஸ்ட். முதலாவதில் பார்த்துவிட்டு விட்டார்கள். இரண்டாவதில் எல்லாரையும் இறக்கிப் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். ஒரு சிப்பாய், மீசை சரியாக முளைக்காதவன், ஷீலாவின் சிவப்புக் கோட்டை எடுத்துத் தன் சட்டைமேல் போட்டுக்கொண்டான். தொப்பியையும் மாட்டினான். மற்றவர்கள் கைதட்டினார்கள். ஷீலா என் முதுகுக்குப் பின்னால். தோளில் துப்பாக்கி, மேலே சிவப்புக் கோட்டு, அவன் ரோட்டில் ஒரு சுற்று நடந்து காட்டினான்.

"எங்க?"

"கல்யாணம்" என்றார் இவர். "ரெண்டு வாரம்."

"ரொம்பக் குளிரா அங்க?"

"ரொம்ப."

அவன் கழற்றி, உதறி, மடித்து வைத்தான். இன்னும் கோட்டில் சுருட்டு வாசனை. ஆனால் விட்டானே. பஸ் கிளம்பியதும் உயிர் வந்தது. இனி பயமில்லை என்று நினைத்தேன். நினைத்தேனே.

ஏர்போர்ட் கதவருகே இவர் நின்றார். என் கையில் இரண்டு பாஸ்போர்ட்டைக் கொடுத்தார்.

"உங்களுது?"

"எங்கிட்ட இல்ல, பாரு."

"வீட்டுல வச்சிட்டீங்களா?"

"மே மாசம் முகாமுலயே வாங்கி வச்சிக்கிட்டாங்க. டிக்கெட்டும் ரெண்டுதான்."

மே மாதத்திலிருந்து தெரியும் இவருக்கு. ஆறு மாதம் என் பக்கத்தில் படுத்துக்கொண்டு தெரியும். கோட்டு போட்டுப் பார்த்ததும், அங்கே வாங்கிக்கலாம் என்றதும் எல்லாம் எனக்காக ஆடிய நாடகம்.

"ஏன் சொல்லலே?"

"சொன்னா நீ கெளம்பியிருப்பியா?"

மாட்டேன். அது அவருக்கும் தெரியும். நான் போகமாட்டேன், இங்கேயே இருப்போம், மூன்று பேரும் திரும்புவோம் என்றேன். கத்தவும் முடியவில்லை, சுற்றிலும் சீருடை. அவர் ஷீலாவைப் பார்த்தார். அவள் தூரத்தில் கண்ணாடி வழியாக விமானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செக்போஸ்ட்டுல அவன் கோட்டத்தான் எடுத்தான்" என்றார். "அடுத்த தடவ?"

பாஸ்போர்ட் இரண்டையும் கைப்பைக்குள் வைத்தேன்.

இமிகிரேஷன் மேஜையில் புருஷன் எங்கே என்று கேட்டார்கள். வேலை இருக்கிறது, வரவில்லை என்றேன். ஷீலா என்னைப் பார்த்தாள். அவளிடம் அப்பா அடுத்த வாரம் வருவார் என்று சொன்னேன். நம்பவில்லை. அவர் சட்டையெல்லாம் என் பெட்டியில் போகிறது. நாளைக்கு எதைப் போட்டுக்கொள்வார்?

விமானத்துக்கு நடந்து போகிற இடம், தார் கொதிக்கிற வெயில். கோட்டு இரண்டும் கையில். மேலே பார்வையாளர் மாடியில் அவர். ஷீலா கோட்டைப் போட்டுக்கொண்டாள், தொப்பியோடு. அப்பா தூரத்திலிருந்து பார்க்கட்டுமாம். பிறகு என்னைப் பார்த்து அவர் தன் கழுத்தருகே கையை வைத்துக் காட்டினார். நீயும் போடு, மேல் பொத்தான்வரை போடு என்று.

போட்டேன். அத்தனை சிப்பாய்களும் பார்க்க, நாந்தி வெயிலில் நின்று, கழுத்துப் பொத்தான்வரை போட்டேன்.