வெளுத்ததெல்லாம் பால்

மார்ச் 4, செவ்வாய்
பொடிசுக்கு மறுபடி வயிறு. பால் குடித்த கொஞ்ச நேரத்தில் காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு அழுகை. பிறகு நுரைநுரையாகப் போகிறது. ஒன்றரை வயதில் ஏற வேண்டிய எடை ஏறவில்லை. போன மாதம் சரியாக இருந்த சட்டை இப்போது தொளதொள. "பால் ஒத்துக்காம இருக்கலாம். கொஞ்ச நாள் நிறுத்திப் பார்த்தாதான் தெரியும்" என்றார் டாக்டர். இருக்கலாம்! அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நான் பிள்ளைக்கு எதைக் கொடுப்பது?

மார்ச் 6
கடையில் ஒரு தட்டு முழுக்க வெள்ளை டப்பாக்கள். சோயா, ஓட்ஸ், பாதாம், அரிசி, தேங்காய். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ஜாதி நான். பாதாம்தான் உசத்தி என்று தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். போனில் டாக்டர் சிரித்தார். "அதுல புரதம் ரொம்பக் கம்மிம்மா. அரிசிப் பால் இந்த வயசுக்கு வேணவே வேணாம். கால்சியம் சேர்த்த, சர்க்கரை போடாத சோயா வாங்குங்க." பாதாமை என் வீட்டுக்காரர் குடித்துத் தீர்க்கிறார். அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே!

மார்ச் 7
சோயாவை வாயில் வாங்கி, சற்று யோசித்து, என் மூக்குக்கண்ணாடி மேலேயே துப்பினாள். பகலெல்லாம் நான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில் ஊரார் கண்ணாடியைத் துடைக்கிறேன். வீட்டுக்கு வந்தால் என்னுடையது.

மார்ச் 10
அண்ணி குடிக்க வைத்துவிட்டார்! அண்ணி என்றால் இவருடைய அக்கா. விடியுமுன் பேக்கரியில் அடுப்பு வேலை; அதை முடித்து வந்து, நான் கடைக்குப் போனதும் பொடிசைப் பார்த்துக்கொள்பவர் அவர்தான். எப்படி என்று கேட்டேன். "நான் குடிச்சேன். உனக்குக் கிடையாதுன்னேன். பிடுங்கிக் குடிச்சிட்டா." எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராத சாமர்த்தியம்.

மார்ச் 18
வயிறு அடங்கவில்லை. சோயாவும் ஆகவில்லையா? அப்புறம் எதைத்தான் – பெத்தவ நான், புள்ளைக்கு ஒரு வாய் குடுக்க வழி தெரியலையே. சோயாவையும் நிறுத்திவிடலாம் என்கிறார் டாக்டர். நாளை போகவேண்டும்.

மார்ச் 19
கிளம்பும்போது அண்ணி வாசலில் மறித்துக்கொண்டார். "சோயாவை நிறுத்தாதீங்க. மத்தியானம் மத்தியானம் நான் ரெண்டு கரண்டி தயிர் குடுத்துட்டு இருந்தேன். பால் குடுக்காதீங்கன்னுதானே சொன்னீங்க? தயிரும் அதுதான்னு எனக்கு உறைக்கவே இல்ல. நேத்து நீ அழுதப்பதாம்மா உறைச்சுது."
இவர் கத்தினார். அண்ணி ஒரு தப்பை ஒப்புக்கொண்டதாக இந்தக் குடும்பத்தில் சரித்திரமே கிடையாது. பேசாமல் இருந்திருந்தால் யாருக்குத் தெரியும்? பழி சோயா தலையில் விழுந்திருக்கும், பிள்ளைக்கு ஒத்துப்போகிற ஒன்றும் போயிருக்கும். டாக்டரிடமும் கூடவே வந்து, தானே சொன்னார். என்ன மனுஷி!

மார்ச் 27
நேற்றும் அழவில்லை. இன்றும் அழவில்லை.

ஏப்ரல் 9
கன்னம் உப்பிவிட்டது. ஆனால் உறுதி செய்துகொள்ள ஒருமுறை பசும்பால் கொடுத்துப் பார்க்க வேண்டுமாம். நன்றாக இருக்கிற பிள்ளைக்கு, தெரிந்தே. என் கையால் முடியாது என்றேன்.
"நான் குடுக்கறேன்" என்றார் அண்ணி. "வலிச்சா என்கிட்ட கோச்சுக்கட்டும். ஓடிவந்து அழறதுக்கு அம்மான்னு ஒருத்தி மிச்சம் இருக்கணும்ல?"
எனக்கு இது தோன்றியிருக்குமா? தோன்றியிருக்காது.

ஏப்ரல் 12, சனி
காலையில் அண்ணி கொடுத்தார். மத்தியானத்துக்குள் கால் மடங்கிவிட்டது. அதே அழுகை, அதே நுரை. சந்தேகம் தீர்ந்தது, பால்தான். இனி நிம்மதியாகச் சோயா கொடுக்கலாம்.
நான் தரையில் உட்கார்ந்து இரண்டு கையையும் விரித்தேன். பொடிசு அழுதுகொண்டே தத்தித்தத்தி வந்தாள். என்னைத் தாண்டிப் போய், பின்னால் நின்ற அண்ணியின் காலைக் கட்டிக்கொண்டாள்.
அண்ணி அழுது நான் பார்த்தது இன்றைக்குத்தான்.