மண்ணூர் ஏரியும் என் ஓட்டும்

மண்ணூர்,
ஞாயிற்றுக்கிழமை.

என் அன்புக் கணவருக்கு ஜூலி எழுதுவது.

நானும் அத்தையும் நலம். டிரெய்னிங் போன இடத்தில் குஜராத் சாப்பாடு இப்போதாவது ஒத்துக்கொண்டதா? இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் பறவைச் சங்கம் என்று ஆரம்பித்தாலே ஷிப்ட் முடித்த களைப்பில் 'ம்' கொட்டிக்கொண்டே தூங்கிவிடுகிறீர்கள். கடிதத்தை விழித்துக்கொண்டுதானே படிக்க வேண்டும்.

சங்கத்தின் நம் வட்டாரக் கிளைக் கமிட்டியில் என்னையும் போட்டுவிட்டார்கள். பைனாகுலரை மாட்டிக்கொண்டு ஏரியைச் சுற்றுகிறவர்கள், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். பார்த்தால் நாடு முழுக்கக் கிளைகள், மேலே ஒரு மத்தியக் குழு, அதற்குத் தேர்தல், ஆண்டுக் கூட்டம் என்று ஒரு குட்டி சர்க்காரே நடக்கிறது. எனக்கு எல்லாவற்றையும் தோண்டித் தோண்டிக் கேட்க ஆசை. நம் ஏரியில் மயில் உள்ளான் கூடு வைத்திருக்கிறது என்று எழுதி அனுப்பினேன். பார்த்தேன் என்றால் போதாதாம். பதிவுகளைச் சரிபார்க்கவே தனிக் குழு இருக்கிறது. எவ்வளவு தூரத்தில், எந்த வெளிச்சத்தில், வேறு பறவையாக இருக்காதா என்று போலீஸ் விசாரணை மாதிரி கேட்டுவிட்டுத்தான் ஒப்புக்கொண்டார்கள். கூடு இருக்கும் இடத்தை மட்டும் அவர்கள் பத்திரிகையில் போட மாட்டார்கள். முட்டை திருடுகிறவர்களும் அதைப் படிப்பார்கள் அல்லவா?

அந்தப் பறவையில் ஆண்தான் அடைகாக்குமாம், பெண் ஊர் சுற்றப் போய்விடுமாம். அத்தையிடம் சொன்னேன். "அப்ப இவன் இன்னாத்துக்கு குஜராத்ல கீறான், வந்து வூட்ல குந்தச் சொல்லு" என்றார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். இங்கே நம் ஊர்ப் பக்கம் இருக்கும் உங்கள் கம்பெனி எங்கள் கிளைக்கு நன்கொடை தர முன்வந்திருக்கிறது. பைனாகுலர்கள், குளிர்காலக் கணக்கெடுப்புக்கு வேன் வாடகை, எல்லாம். அதே கம்பெனிதான் லாரி நிறுத்த ஏரியின் கீழ்க்கரையில் மண் கொட்ட அனுமதி கேட்டிருக்கிறது. கூடு அந்தக் கரையில்தான் இருக்கிறது. பணத்தை வாங்கிக்கொண்டால் எதிர்த்து மனுக் கொடுக்க எங்களுக்கு வாய் இருக்காது. கமிட்டியில் இருக்கும் வேன் டிரைவர் புருஷோத்தமன் அண்ணன், "துட்டு வேணாம்னுட்டு வெறுங்கண்ணால இன்னாத்த பாக்கறது" என்கிறார். அதிலும் நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு கமிட்டியில் ஓட்டு. என்னைச் சேர்த்தால் வேண்டாம் என்பவர்கள் ஒருவர் அதிகம். நான் இல்லாவிட்டால் சமம். சமமானால் தலைவர் கோதண்டராமன் சார் சொல்வதுதான் முடிவு, அவர் வாங்கலாம் என்கிற கட்சி.

சங்கத்தில் ஒரு விதி உண்டு. வீட்டில் யாராவது அந்தக் கம்பெனியில் சம்பளம் வாங்கினால், கமிட்டி ஆள் எழுந்து அதைச் சொல்லிவிட்டு அறையை விட்டு வெளியே போக வேண்டும். போகும் முன் பேசலாம், ஓட்டு மட்டும் கிடையாது. நீங்கள் அந்தக் கம்பெனியில் இருப்பது கிளையில் யாருக்கும் தெரியாது. நம் பக்கம் கம்பெனியில் வேலை என்றால் போதும், எந்தக் கம்பெனி என்று யார் கேட்கிறார்கள்? வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் ஏரிக்கு நல்லது என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் ஒரு பறவையைப் பார்த்ததற்கே அத்தனை கேள்வி கேட்கிற இடத்தில் மறைத்து உட்கார எனக்கு மனசு வரவில்லை. எழுந்து சொல்லிவிட்டு, அந்தக் கூட்டைப் பற்றியும் பேசிவிட்டு வெளியே வந்துவிடலாம் என்றிருக்கிறேன். புருஷோத்தமன் அண்ணன் ஒருவர் மனம் மாறினால் போதும்.

பயமெல்லாம் வேறு. அன்றைக்கு உங்கள் கம்பெனி மேனேஜரையும் கூட்டத்துக்கு அழைத்திருக்கிறார்கள். அவர் முன்னால் உங்கள் பெயரைச் சொல்ல வேண்டும். டிரெய்னிங் முடிந்து உங்களை நிரந்தரமாக்கும் ஆர்டரில் கையெழுத்துப் போடுகிறவர் அவர்தான் என்று நீங்கள்தான் சொன்னீர்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மாதா உங்களுக்குத் துணையிருக்கட்டும். சொல்லாதே என்று நீங்கள் எழுதினால் அன்றைக்குக் காய்ச்சல் என்று வீட்டிலேயே படுத்துக்கொள்கிறேன். உங்கள் மேல் கோபப்பட மாட்டேன். ஆனால் நிர்மல், அப்படி எழுதிவிடாதீர்கள்.

உங்கள்
ஜூலி