உன் வீட்டு வேம்பில் நான் ஏற்றிவிட்ட பிள்ளை

இன்று காலை மகனின் பள்ளிச் சட்டையைத் துவைக்கும்போது நெஞ்சுப் பக்கம் வேப்பம்பிசின் அப்பியிருந்தது. சோப்புக்கு அசையவில்லை. தேங்காயெண்ணெய் தொட்டுத் தேய்க்கச் சொல்வாயே, அதைச் செய்தேன், போய்விட்டது. நீ போய்ச் சேர்ந்து இரண்டு வருஷமாகியும் உன்னைக் கேட்டுத்தான் குடும்பம் நடத்துகிறேன், பார்த்துக்கொள்.

நம் தெரு முடிந்ததும் கரிசல் காடு. கடைசி வீடு உன்னுடையது, அதற்கு முந்தியது என்னுடையது. உன் வீட்டுப் பின்னால் நிற்கும் வேம்பில் தெருப்பிள்ளைகள் பாதிப்பேர் தொங்குவார்கள். எது விழுமோ என்று நான் எட்டி எட்டிப் பார்ப்பேன். உனக்குக் கவலையே கிடையாது என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் பள்ளிக்கூடம் விடுவதற்குள் நீ மரத்தடியைப் பெருக்கி, முள்ளும் கண்ணாடிச் சில்லும் பொறுக்கி, பட்ட கொப்பை உலுக்கிப் பார்த்து ஒடித்துப் போட்டிருப்பாய். மழை பெய்த அன்று யாரையும் ஏறவிடமாட்டாய், காலில் அப்பிய கரிசல் வழுக்கும் என்று. மற்றபடி உன் சட்டம் ஒன்றே ஒன்று.

"யாரையும் யாரும் தூக்கி விடப்படாது. தானா ஏறுத பிள்ளைக்குத் தானா எறங்கத் தெரியும்."

அதை மீறியது நான்தான். மகள் ஹரிணிக்கு அப்போது ஐந்து வயது. எல்லாரும் மேலே இருக்க, இவள் மட்டும் அடிமரத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். தண்ணீர் லாரிச் சத்தம் கேட்டு நீ குடத்தோடு ஓடியிருந்தாய். என் பிள்ளை மட்டும் கீழே நிற்பதா என்று எனக்கு ரோஷம். தூக்கி, கிளை பிரியும் முதல் கவட்டையில் உட்காரவைத்தேன். படம் பிடிக்கப் போனை எடுத்த நேரத்தில் விழுந்துவிட்டாள். வலது கை முறிந்தது.

"அந்தப் பொம்பள மரத்தக் காட்டிப் பிள்ளைகளக் கெடுக்கா" என்றார் என் மாமியார். மரத்தையே வெட்டச் சொல்லப்போவதாக வீட்டுக்காரர் குதித்தார். நான் வாயைத் திறக்கவில்லை. இதை எழுத இப்போதும் கூசுகிறது.

மறுநாள் நீ ஆட்டுக்கால் சூப்போடு வந்தாய். அவர்கள் திட்டியதையெல்லாம் நின்று கேட்டாய். "அண்ணாச்சி, மரத்த மட்டும் வெட்டச் சொல்லாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாய். ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. எட்டாம் நாள் இருவர் முன்னாலும் உண்மையைச் சொல்லிவிட்டு, அதே வேகத்தில் உன் வீட்டுக்கு ஓடிவந்து உன்னிடமும் சொன்னேன். நீ மிளகாய் வத்தல் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாய், நிமிரக்கூட இல்லை.

"எனக்கு அன்னைக்கே தெரியும்ட்டி. அந்தக் கவட்டை ஒம் மவளுக்கு எட்டாதுல்லா."

"பெறகு ஏன் சொல்லல?"

"நீயா வந்து சொல்லணும்லா. போ, போய்ச் சாப்பிடு. மூஞ்சியப் பாரு."

கட்டுப் பிரித்த பிறகு ஹரிணி மூன்று மாதம் மரத்தடியில் சும்மாவே உட்கார்ந்திருந்தாள். ஏறினால் விழுவாள் என்று பயந்த நானே, இனி ஏறவே மாட்டாளோ என்று தவித்தேன். நீ அவளை ஏறச் சொல்லவுமில்லை, என்னைச் சொல்லவிடவுமில்லை. பூ உதிர்ந்த ஒரு சாயங்காலம் அவளாகவே ஏறினாள். நீ என் தோளில் ஓங்கி ஒரு அடி போட்டாய். வலித்தது. அப்படி ஒரு சந்தோஷம்.

இப்போது மரத்தடியைப் பெருக்குவது நான். நேற்று என் இளையவன், ஏழு வயதுக்காரன், "தூக்கி விடும்மா" என்று நின்றான்.

"மாட்டேன்லே. ஏற முடிஞ்சா ஏறு. இல்லன்னா அங்கனயே வெளையாடு."

முறைத்தான். இரண்டு முறை சறுக்கினான். மூன்றாவது முறை கவட்டையைப் பிடித்துவிட்டான். இறங்கும்போது ஒரு கால் அந்தரத்தில் தடவியது. என் கை தானாக நீண்டது. இழுத்துக் கட்டிக்கொண்டேன். கால் மரத்தின் ஒரு கணுவைக் கண்டுபிடித்தது, பிறகு இன்னொன்றை. தரையில் குதித்து, "பாத்தியாம்மா?" என்றான்.

பார்த்தேன். கையைக் கட்டிக்கொண்டு, கண்ணை எடுக்காமல், முழுக்கப் பார்த்தேன்.