ஆற்றைத் தாய் என்ற கவிதை

ஜூலை 3

கவிராயருக்கு,

உன் கவிதையைப் பத்திரிகையில்தான் பார்த்தேன். எதை எழுதினாலும் முதலில் எனக்கு அனுப்பித் திருத்தி வாங்குகிறவன், இதை மட்டும் ஒளித்து அச்சேற்றியிருக்கிறாய்.

“தாயே, அவளை மடியில் மெல்லக் கிடத்தினாய்” என்று ஆற்றைக் கொஞ்சுகிறாய். மெல்லவா? வாசற்கதவை உடைத்து, பீரோவைத் தூக்கிச் சுவரில் அடித்த தண்ணீர் அது. உன் அண்ணியை வேலிக்கம்பியிலிருந்து பிய்த்தெடுத்தபோது பாதி முகம் இல்லை. மோதிரத்தைப் பார்த்து அடையாளம் சொன்னவன் நான்.

கல்லூரியில் கவிதை சொல்லிக்கொடுக்கிறவன் சொல்கிறேன்: இயற்கையின் முன்னால் குடல் நடுங்காதவன் அதைப் பாடக் கூடாது. உன் கவிதையில் பயம் எங்கே? மாடிப்படியில் நின்று “அய்யோ அம்மா” என்று அலறினாயே, அதை எழுத வெட்கமா?

புத்தகமாவதற்குள் மாற்று.

அண்ணன்

ஜூலை 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? அந்தக் கவிதை அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும். பயத்தை எழுதினால் யாருடைய பயம் என்று கேட்பார்கள்.

என்றும் உங்கள் தம்பி

ஜூலை 13

கோழைப் பயலே,

யாருடையதா? உன்னுடையதுதான்! கழுத்தளவு வெள்ளத்தில் அவளை இறுக்கிப் பிடித்திருந்தவன் நான். நீ மேல்படியில் நின்று வேடிக்கை பார்த்தாய். ஆறு அவளை என் கையிலிருந்து பறித்தது. நடந்ததை நடந்தபடி எழுது. அதுவரை நீ எனக்குத் தம்பியில்லை.

ஜூலை 20

அண்ணா,

நடந்தபடி எழுதுகிறேன், உங்களுக்கு மட்டும்.

அண்ணி படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்திருந்தார். நீங்கள் பிடித்திருந்தது அவர் கழுத்தை. “என்னை விட்டுடாதடி, விட்டுடாதடி” என்று கத்தினீர்கள். அவர் முகம் தண்ணீருக்குள் போய்ப்போய் வந்தது. மூச்சுக்காக உங்கள் கையைக் கடித்தார். உங்கள் மணிக்கட்டில் உள்ள தழும்பு, நீங்கள் எல்லாரிடமும் சொல்வதுபோல், கம்பி கிழித்ததல்ல.

“அண்ணி, கையக் குடுங்க!” என்று குனிந்தேன். என் கைக்கு வந்தது உங்கள் கை. அவர் தோளில் கால் வைத்து ஏறினீர்கள். கைப்பிடி பெயர்ந்தது.

அந்த வெள்ளத்தில் நானும் அதைத்தான் செய்திருப்பேன். உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை. கவிதையை உங்களிடம் காட்டினால் தோண்டுவீர்கள் என்றுதான் ஒளித்தேன். புத்தகத்தில் எதைப் போட வேண்டும்? நீங்களே சொல்லுங்கள்.

தம்பி

ஆகஸ்ட் 16

தம்பிக்கு,

பழைய கவிதையே வரட்டும். ஒரு சொல்லையும் மாற்றாதே.

இனி இந்த வீட்டுக்கு வராதே. உன்னைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது.