வேர்க்காத உடம்பு

பாவா,

இன்று மணவூர் ஸ்டேஷனில் இறங்கி, சேலை மூட்டையைத் தலையில் சுமந்து வெகுதூரம் நடந்தேன். வழியில் புளிய மரத்தடியில் இறக்கி வைத்தபோது, தொப்பலாக நனைந்திருந்த முதுகில் காற்றுப் பட்டுச் சில்லென்றது. சுகமாக இருந்தது. சுகப்பட்டதற்காக என்மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது. வேர்வை காயும்போதெல்லாம் எனக்கு உன் நினைவுதான்.

உனக்கு வேர்த்து நான் பார்த்ததே இல்லை. என் அத்தை மகன் நீ, அந்த முறையில்தான் பாவா; கூடவே வளர்ந்தவன். தலையில் நாலு முடி, வாயில் நாலு பல். சித்திரை வெயிலிலும் உன் தோல் காய்ந்த பனையோலை மாதிரி இருக்கும். ஆனாலும் கேலி செய்வது நீதான். "மச்சான், உன் சட்டை வாசனை ஏரிக்கரை வரைக்கும் வந்துகினு இருக்குது" என்பாய். கொடுத்துவைத்த உடம்பு என்று நம் ஊர் அம்மையார்குப்பமே உன்னைச் சொன்னது. பகலில், காலை இறக்கி நெய்யும் தறிக் குழியின் குளிர்ச்சியை விட்டு நீ வெளியே வரமாட்டாய். வந்தால் துண்டை நனைத்து மேலே போர்த்திக்கொள்வாய். அதையெல்லாம் சோம்பேறித்தனம் என்று நினைத்தேன்.

யுத்தத்தில் நூல் கிடைக்காமல் தறிகள் நின்ற வருஷம் என் மகளுக்கு அம்மை வார்த்தது. பிழைத்தால் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டவன் நீ. பெற்ற எனக்குக்கூட அது தோன்றவில்லை. பிழைத்துவிட்டாள். ஆடிக் கிருத்திகையன்று விடியலில் குளித்து, உடம்பெல்லாம் விபூதியைக் குழைத்துப் பூசிக்கொண்டு திருத்தணிக்கு நடந்தோம். சாமியைப் பார்க்கும்வரை அந்த விபூதி கலையக் கூடாது என்பது நம் வீட்டு வழக்கம்.

உச்சி வெயிலில் ஒரு கிணற்றடியில் நின்றுவிட்டாய்.

"ரெண்டு செம்பு மேல ஊத்திக்கினு வரேன் மச்சான். உள்ள எரியுது."

"விபூதி கலைஞ்சிடும் பாவா. கொயந்தைக்கு ஆவாது. அதோ, மலை தெரியுது பாரு."

நான் பூசியிருந்த விபூதி வேர்வையில் எப்போதோ வழிந்து போயிருந்தது. அதை நீ பார்த்தாய். வேர்வையில் கலைந்தால் குற்றமில்லை, தண்ணீரில் கலைந்தால்தான் குற்றமா என்று நீ கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. "ஆங், வா" என்று காவடியைத் தூக்கிக்கொண்டாய்.

பாதிப் படியில் விழுந்தாய். தொட்ட என் கை சுட்டது. உன் உடம்பில் பொட்டு ஈரமில்லை. அதற்குப் பிறகு குடம் குடமாக ஊற்றினோம்.

பின்னொரு நாள் அரக்கோணத்தில் ஒரு டாக்டரிடம் உன் உடம்பைப் பற்றிக் கேட்டேன். "உடம்பு சூடானா தோல் வழியா வேர்வை வருதுங்க. அது காயறப்போ சூட்டையும் எடுத்துக்கினு போயிடும். அவருக்கு அந்த வழியே இல்ல. மேல தண்ணி ஊத்தியிருந்தா, அதுவே வேர்வை செய்யற வேலையைச் செஞ்சிருக்கும்" என்றார்.

முருகன் உன்னை அழைத்துக்கொண்டான் என்கிறது ஊர். கிணற்றடியில் நாம் பேசியது உனக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். இப்போது எனக்கு மட்டும். எதையும் உன்னிடம்தான் சொல்வேன். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

போன வாரம் மகள் கேட்டாள்: "நைனா, மாமா எப்படிச் செத்தாரு?"

சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன், பாவா.

"வெயிலு" என்றேன்.