வேண்டுதல் பெட்டியின் சாவி

ஆகஸ்ட் 7, வெள்ளி

நீரே சொல்லும் மாதாவே, நான் வேண்டுமென்றா சொன்னேன்? வாய் திறந்தது, வார்த்தை போய்விட்டது.

கொளுத்தும் வெயில். லோரி ஒன்று போனால் கோயில் வாசல் வரை செம்மண் தூசி. நவநாள் இரண்டாம் நாள். காலையில் சப்பரத்துக்குக் காகிதப்பூ. கோயில் ஹாலில் நானும் செபஸ்தியம்மாளும் மட்டும். பக்கத்து லயத்து வீட்டுக்காரி. இருபது வருஷம் ரப்பர் தோட்டத்தில் ஒன்றாகப் பால்மரம் வெட்டியவர்கள். அவள்தான் ஆரம்பித்தாள்.

"என் மருமவ என்னைய வுட்டுட்டு ஒரு நாள் இருக்க மாட்டா. ஒன் மருமவ மாதிரி கல்யாணமாயி மூணாம் மாசமே கிள்ளானுக்குப் பொட்டி கட்டல."

"என் மவனுக்கு அங்கதானடி வேல."

"ஏன், இங்க வேல இல்லியாக்கும்? செம்பனைய என்ன கெழவிங்களா வெட்டுறாங்க?"

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது. கத்தரிக்கோலை வைத்தேன்.

"ஒன்னைய ரவாங்குல மக வூட்டுக்கு அனுப்பி வைங்கன்னு ஒன் மருமவ மாதாகிட்ட சீட்டு எழுதிப் போட்டிருக்கா. போயி கேளு."

அவள் கை பாதிப் பூவோடு நின்றுவிட்டது.

வேண்டுதல் பெட்டிச் சாவி என்னிடம். ஃபாதர் சீனர். தமிழ் பேசுவார். பூசையில் தாளைப் பார்த்து வாசிப்பதால் படிக்கவும் வரும் என்று எல்லோருக்கும் நினைப்பு. அது இங்கிலீஷ் எழுத்தில் எழுதிய தமிழ். அதனால் கதவைச் சாத்திக்கொண்டு நான்தான் சீட்டுகளைப் பிரிப்பேன். நோய் இத்தனை, வேலை இத்தனை, பிள்ளை வரம் இத்தனை என்று சொல்வேன். அவர் வேண்டுவார். வேறு யாருக்கும் தெரியாது.

சீட்டில் யாரும் பெயர் போடுவதில்லை. ஆனால் செபஸ்தி மருமகள் ரீத்தாவின் எழுத்து எனக்குத் தெரியாதா? கோயில் பாட்டு நோட்டு முழுக்க அவள் எழுதியதுதானே. இப்படி இருந்தது: "மாமியார் ரவாங்கில் மகள் வீட்டோடு போய் இருக்க வேண்டும். அவர்கள் மேல் கோபம் இல்லை மாதாவே. எங்கள் இருவருக்கும் மூச்சு விடக் கொஞ்சம் இடம்."

கோபம் இல்லை என்று எழுதியிருந்ததை நான் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 8, சனி

மேகம். மழை இல்லை.
மாதா அங்கி இஸ்திரி – ஆச்சு.
விடுமுறை மறைக்கல்விப் பிள்ளைகளுக்கு மைலோ – ஆச்சு. சீனி பத்தவில்லை.
மெழுகுவர்த்தி 4 பாக்கெட் – மறந்துவிட்டது.

செபஸ்தி முதல் பஸ்ஸில் ரவாங் போய்விட்டாள். தலையணையோடு. இரண்டு நாளைக்குப் போகிறவள் தலையணை தூக்குவாளா?

அவள் மகன் அந்தோணி என் வாசலில். லோரி ஓட்டக்கூடப் போகவில்லை, கைலியோடு நிற்கிறான்.

"பெரியம்மா, அம்மா ஒங்ககிட்ட எதாச்சும் சொன்னாங்களா?"

"இல்லியே லா."

"ராத்திரி பூரா ஒரே அழுவ. கேட்டா, ஒன் பொண்டாட்டி வேண்டுதல் பலிச்சிருச்சின்னுது. யாரு சொன்னான்னா வாயத் தெறக்கல."

அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நானோ அவள் மகனிடம் பொய் சொல்லி அனுப்பினேன்.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

பூசை. அறிவிப்பு: 15ஆம் தேதி திருநாள், சப்பரம் மாலை 7. தோரணம் இளைஞர்கள். வெங்காயம் உரிக்க ஆள் வேண்டும். (என் பெயர் கொடுத்தேன்.)

ரீத்தா வரவில்லை. அவள் இல்லாமல் பாட்டு ஆளுக்கொரு பக்கம் இழுத்தது.

பூசை முடிந்து அவள் வீட்டுக்குப் போனேன். கண் வீங்கியிருந்தது. டீ போட்டுக் கொடுத்தாள்.

"ஃபாதர்தான் சொல்லியிருக்கணும் பெரியம்மா. நம்பித்தானே எழுதுனேன்? லயத்துல எல்லாரும், மாமியார வெரட்டிட்டாங்கிறாங்க. இனி கோயில்ல கால் வெக்க மாட்டேன்."

"சேச்சே, ஃபாதர் அப்படிப்பட்டவரு இல்லம்மா."

"அப்ப வேற யாரு?"

பிஸ்கட்டை டீயில் நனைத்து முழுசாகத் தின்று முடித்தேன்.

ஆகஸ்ட் 11, செவ்வாய்

தூக்கம் இல்லை. பாவசங்கீர்த்தனம் போனேன். எல்லாம் சொன்னேன். ரீத்தா அவரைத்தான் சந்தேகப்படுகிறாள் என்பதையும். கடைசியில் என் சமாதானத்தையும் சேர்த்துக்கொண்டேன்.

"ஒரு வேள, மாதாவே என் வாய் வழியா அவ வேண்டுதல நெறவேத்திட்டாங்களோ ஃபாதர்?"



"அப்போ ரீத்தா சந்தோஷமா இருக்காங்களா?"

அழுதுவிட்டேன். அவளிடம் நேரில் போய்ச் சொல்லச் சொன்னார். அபராதம் ஒரே ஒரு செபமாலை. ஐம்பது கொடுத்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

சாவியை அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். மாலையில் ஒன்றும் தெரியாதவர் போல் அவரே கொண்டுவந்து கொடுத்தார். "அம்மா, சாவிய மறந்துட்டீங்க. இன்னைக்கி சீட்டு எத்தன?" பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை அவர் வெளியே காட்டக்கூடாது. தெரியும். இருந்தாலும் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஆகஸ்ட் 12, புதன்

மழை. போகவில்லை. மழை பத்து நிமிஷம்தான்.

ஆகஸ்ட் 13, வியாழன்

போனேன். ரீத்தா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொல்லிவிட்டேன்.

"நீங்களா பெரியம்மா?"

"நாந்தாம்மா."

அந்தோணியின் சட்டையைப் பிழிந்துகொண்டே இருந்தாள். தண்ணீர் எப்போதோ வடிந்துவிட்டது.

"கோவம் இல்லன்னு எழுதியிருந்தேனே. அதச் சொன்னீங்களா?"

"இல்ல."

"நாளைக்கி ரவாங் போறேன். நானே அத்தைகிட்ட சொல்லிக்கிறேன்."

"நானும் வரவா?"

"வேணாம். நீங்க வந்தா திரும்ப எதாச்சும் பேசுவீங்க."

நியாயம்தான்.

ஆகஸ்ட் 14, வெள்ளி

நவநாள் கடைசி. வெங்காயம் ஒரு மூட்டை. அழுதாலும் யாரும் ஏனென்று கேட்கவில்லை.

மாலை பஸ்ஸில் இரண்டு பேரும் வந்து இறங்கினார்கள். தலையணை ரீத்தா கையில். கோயில் கேட்டில் என்னைப் பார்த்துச் செபஸ்தி நின்றாள்.

"என்னடி, பூவெல்லாம் கட்டி முடிச்சிட்டியா, இல்ல வாயாலயே முடிச்சிட்டியா?"

அவள் காலில் விழுந்துவிட்டேன். "எந்திரி எந்திரி, முட்டி வலிக்கப்போவுது" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். திங்கள் முதல் பின்கட்டில் பலகை அடித்து அவளுக்குத் தனி அறை போடுகிறானாம் அந்தோணி. ரீத்தா கேட்காமலே செபஸ்தியே கேட்டாளாம். கோபம் இல்லை என்றது தெரிந்ததும்.

ரீத்தா கேட்டுக்குள் வரவில்லை. "நாளைக்கிப் பாட்டுக்கு வாம்மா" என்றேன். "பாப்போம்" என்றாள். அவ்வளவுதான். முகம் கொடுத்துப் பேசவில்லை. ஃபாதர் மேல் இப்போது அவளுக்குச் சந்தேகம் இல்லை. மாமியார் வந்துவிட்டாள். பிறகும் ஏன் இப்படி என்று யோசித்தபடியே சீட்டுகளைப் பிரிக்க உட்கார்ந்தேன்.

இப்போதுதான் நினைவு வருகிறது. நவநாள் முதல் நாள், கொடியேற்றத்தன்று அவள் வேண்டுதல் பெட்டி பக்கத்தில் வெறும் தாளோடு தயங்கி நின்றாள். "இத யாரு படிப்பாங்க பெரியம்மா?" என்று கேட்டாள். மாதாவைத் தவிர யாரும் படிக்க மாட்டார்கள், மனசில் உள்ளதை எழுது என்று சொன்னது நான்.